ஆண்டிமடம் லைனுக்குக் கரண்ட் கொடுக்காத மத்தியானம்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸில் ஒரு பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். ஓய்வு பெற்றவர்களில் இன்னும் நடமாடக்கூடியவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். வடையும் காபியும் கொடுத்தார்கள். பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எழுந்து, "ஐயா, உங்க காலத்துல ரூல்ஸ எல்லாம் ஒழுங்கா கடைப்பிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

கடைப்பிடித்தோம் என்றால் பொய். கடைப்பிடிக்கவில்லை என்றாலும் பொய். பக்கத்தில் பெரிய பொறியாளர் உட்கார்ந்திருந்தார். "முடிஞ்ச வரைக்கும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பதிலே இல்லை என்பது அந்தப் பெண்ணின் முகத்திலேயே தெரிந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் பாதிப் பேர் இன்று இல்லை. இருக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. ஐ.டி.ஐ. முடித்ததும் பெரம்பலூர் பக்கம் மின்கம்பத்துக்குக் குழி தோண்டும் வேலையில் சேர்ந்தேன். கரிசல் பூமி. மழை பெய்தால் மண் கடப்பாரையை விடாது, வெயில் அடித்தால் கடப்பாரையை உள்ளே விடாது. சில வருஷம் அதில் கழிந்தது. பிறகு பரீட்சை எழுதி ஆபரேட்டர் ஆனேன். எழுபதுகளின் பின்பாதியில், அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பாதையில் இருந்த ஒரு துணைமின் நிலையத்தில் என்னைப் போட்டார்கள். எங்கிருந்தோ பெரிய லைனில் வரும் மின்சாரத்தை வாங்கி, குறைத்து, சுற்று வட்டார ஊர்களுக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. ஒவ்வொரு திசைக்கும் போகும் லைனைப் பீடர் என்போம். அதில் நீளமானதும் தொல்லையானதும் ஆண்டிமடம் பீடர். பாதி தூரம் முந்திரிக் காட்டுக்குள் போகும். காற்றடித்தால் கிளை விழும், மழை பெய்தால் கம்பியைத் தாங்கும் பீங்கான் வெடிக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் அணில் ஏறிச் சாகும்.

ஆபரேட்டரின் வேலை கேட்பதற்குச் சுலபம். லைனில் பழுது பார்க்க வேண்டுமென்றால் லைன்மேன் வந்து 'லைன் கிளியர்' கேட்பார். நான் அந்தப் பீடரின் மின்சாரத்தை நிறுத்துவேன். கம்பியை மண்ணோடு இணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்புப் பலகையைத் தொங்கவிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குவேன். வேலை முடிந்ததும் யார் வாங்கினாரோ அவரேதான் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் வந்து சொன்னாலும், கலெக்டரே வந்து சொன்னாலும், பூட்டைத் திறக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

ஆனால் ஆண்டிமடம் பக்கத்து லைன்மேன் காலையில் பஸ் பிடித்து என்னிடம் வந்து கையெழுத்துப் போட்டு, மறுபடி பஸ் பிடித்துப் போய் ஒரு பீங்கானை மாற்றிவிட்டு, திரும்பவும் பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டால், அரைமணி நேர வேலைக்குப் பகல் பூராவும் கரண்ட் இருக்காது. அதனால் நான் அங்கே போவதற்கு முன்பிருந்தே போனில் லைன் கிளியர் கேட்பதும் போனிலேயே திருப்பிக் கொடுப்பதும் வழக்கமாகி இருந்தது. விதிப்படி அது தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. குரல் பழகிய குரலாக இருக்க வேண்டும். எந்தக் கம்பத்தில் வேலை என்று சொல்ல வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது லைன்மேனோடு போன உதவியாளும் போனில் வந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவனும் கிடையாது. எழுதி வைத்த விதியைத்தான் தினம் மீறிக்கொண்டிருந்தோம்.

ஆண்டிமடம் பக்கம் லைன்மேன் கோவிந்தராசு. என்னைவிட இளையவன், அண்ணே என்பான். அவனோடு பழனிமுத்து என்று ஓர் ஆள் இருப்பார். முப்பது வயதுக்காரர், முந்திரி பொறுக்கியும் கூலிக்குப் போயும் பிழைக்கும் குடும்பம். ஆபீஸ் பதிவில் அவருக்குப் பெயர் கிடையாது. லைன்மேனுக்கு உதவிக்கு ஆள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆள் கொடுக்கவில்லை என்பது நடைமுறை. அதனால் கோவிந்தராசு தன் சம்பளத்திலிருந்தும், ஊர்க்காரர்கள் மோட்டாருக்கு லைன் சரிசெய்யும்போது கொடுப்பதிலிருந்தும் பழனிமுத்துவுக்கு ஏதோ கொடுத்து வந்தான். வெளியாள் கம்பத்தில் ஏறுவது தெரிந்தால் கோவிந்தராசுவுக்கு வேலை போய்விடும். எல்லோருக்கும் அது தெரியும். ஆகவே யாருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் கோவிந்தராசு போன் பண்ணுவான். "அண்ணே, ஆச்சுண்ணே, எறங்கிட்டோம்" என்பான். "அவரு எங்க?" என்பேன். போனை வாங்கி, "வந்துட்டேங்க" என்பார் பழனிமுத்து. அவரிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். நேரில் பார்த்ததுகூட இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சேதுராமன் என்ற உதவிப் பொறியாளர் மாற்றலாகி வந்தார். ஏ.இ. என்போம். ஒல்லியான மனிதர். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். குழி தோண்டுகிறவரையும் நீங்க என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "நடராசன், நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்று அவர் சொன்னால் ஏதோ தப்பு பண்ணியிருக்கிறேன் என்று அர்த்தம்.

வந்த முதல் நாள் அவர் அதிகம் பேசவில்லை. முற்றத்தில் ஒவ்வொரு கருவியாகப் போய் நின்று பார்த்தார். பூட்டுகளை இழுத்துப் பார்த்தார். மண்ணில் இறங்கும் கம்பியின் பிடியைக் குனிந்து, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி இறுக்கச் சொன்னார். அப்போது ஒரு லைனில் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. "லைன்ல ஆள் இருக்காங்க இல்ல" என்றார். வேலை முடிந்து, லைன்மேன் வந்து கையெழுத்துப் போட்டு, நான் கரண்ட் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார். பின்னாலும் அவர் அப்படித்தான். காட்டில் கம்பத்தடியில் நின்றாலும் சரி, ஆபீஸில் இருந்தாலும் சரி, அவருக்குத் தெரிந்து லைனில் ஆள் இருக்கும்வரை உட்கார மாட்டார். சிலர் இதை நடிப்பு என்றார்கள். நடிப்பு என்றால் இத்தனை நாள் கால் தாங்காது.

அவர் முதலில் போட்ட சுற்றறிக்கை, போனில் லைன் கிளியர் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது. மீறினால் நடவடிக்கை. சுவரில் ஒட்டி, கீழே எங்கள் கையெழுத்தையும் வாங்கினார்.

கடைப்பிடித்தோம். லைன்மேன்கள் பஸ்ஸில் வந்தார்கள், பஸ்ஸில் போனார்கள். ஊர்களில் பகலெல்லாம் மோட்டார் ஓடவில்லை. நெல் காய்ந்தது. ஒரு நாள் விவசாயிகள் மாட்டுவண்டியில் வந்து வாசலை மறித்துக்கொண்டார்கள். ஏ.இ. வெளியே போய் அவர்களிடம் நிதானமாக விதியை விளக்கினார். அவர்களும் நிதானமாகக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு ஒரு பெரியவர், "எல்லாஞ் சரிங்க, தண்ணி எப்ப வரும்?" என்றார்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று எங்கள் காதுக்கு வந்தது. தூரத்து லைன்மேன்கள் லைன் கிளியர் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குச் சொல்லாமல், அங்கேயே ஒரு சுவிட்சை இழுத்துவிட்டுக் கம்பத்தில் ஏறிவிடுவது. தெற்குப் பக்கத்து லைன்மேன் ஒருவருக்குக் கை வெந்து, அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் அடுப்பு வெடித்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். பார்க்கப் போனேன். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கட்டு. "போன்ல சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. நீங்கதான் சுத்தமா முடியாதுன்னுட்டீங்களே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மறுநாள் கோவிந்தராசுவுக்கு ஓர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். பழையபடி போன் பண்ணு, ஆனால் பழையபடி எல்லா ஒழுங்கும் வேண்டும், இரண்டு பேரும் பேச வேண்டும் என்றேன். சுவரில் சுற்றறிக்கை ஒட்டியபடி இருந்தது. அதற்குக் கீழேதான் போன்.

இனி அந்த மத்தியானம்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் அம்பலவாணன் என்பவர் புதிதாக ரைஸ்மில் கட்டியிருந்தார். பணமும் செல்வாக்கும் உள்ள மனிதர். திறந்து வைக்க ஓர் அமைச்சர் வருகிறார். ரிப்பன் வெட்டி, சுவிட்சைப் போட்டு, மில்லை ஓட்டிக் காட்ட வேண்டும். காலையிலேயே ஆண்டிமடம் பீடர் விழுந்தது, அதாவது பழுதால் கரண்ட் தானாக நின்றது. கோவிந்தராசு போன் பண்ணினான். மில்லுக்குப் போகும் இடத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது, முந்திரிக் காட்டுக்குள் இரண்டு பீங்கான் வெடித்திருக்கிறது, மில்லை நான் பார்க்கிறேன், காட்டை அவர், அதாவது பழனிமுத்து, பார்ப்பார் என்றான். லைன் கிளியர் கொடுத்தேன். பூட்டினேன். பலகையைத் தொங்கவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சார், ஆண்டிமடம் பீடர் லைன் கிளியர் ரிட்டர்ன் சார். டிபார்ட்மெண்ட் ஆளுங்க எல்லாரும் எறங்கிட்டாங்க சார்."

கோவிந்தராசுவின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அவன் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. டிபார்ட்மெண்ட் ஆட்கள் என்றால் அவன் ஒருவன்தான். அவன் ஒருவனுக்கு 'எல்லாரும்' எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"அவர பேசச் சொல்லு" என்றேன்.

"யாரு சார்?"

"யாருன்னு உனக்குத் தெரியாதா?"

பின்னால் நாகஸ்வரம் கேட்டது.

"வெளிய இருக்காரு சார்."

"வெளியன்னா வாசல்லயா, கம்பத்துலயா?"

போனை வேறு யாரோ வாங்கினார்கள். அம்பலவாணன்தான்.

"தம்பி, மந்திரி கார் இந்தா இங்க திரும்பிருச்சு. வேலை முடிஞ்சிருச்சுன்னு ஒங்க ஆளே சொல்லிட்டான். கரண்ட விடுங்க."

"அவரோட போன இன்னொருத்தர் பேசணுங்க."

"இன்னொருத்தன் யாரு? ஒங்க ஆபீஸ்ல அப்படி ஒரு ஆள் இருக்கானா? இருந்தா பேர சொல்லுங்க, நான் மேல கேக்குறேன்."

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அப்படி ஒருவர் எங்கள் ஆபீஸில் இல்லை. பெயரைச் சொன்னால் கோவிந்தராசு தொலைந்தான். சொல்லாவிட்டால் கம்பத்தில் ஆள் இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை ஏ.இ. அமைச்சரை வரவேற்க அவரும் மில்லுக்குப் போயிருந்தார்.

"நடராசன், ஆண்டிமடம் பீடர சார்ஜ் பண்ணுங்க, கரண்ட் போகட்டும்."

"சார், லைன் கிளியர் திரும்பி வரல சார்."

"கோவிந்தராசு எங்கிட்ட நேர்ல சொல்லிட்டாரு. நான் சொல்றேன், பண்ணுங்க."

அப்போதுதான் எதிரே சுவரைப் பார்த்தேன். வேறு பார்க்க இடமில்லை.

"சார், போன்ல வாங்கக் கூடாதுன்னு நீங்க சர்க்குலர் போட்டிருக்கீங்க சார்."



"காலைல எப்படிக் குடுத்தீங்க?"

"போன்லதான் சார் குடுத்தேன்."

"அது தப்பு இல்லையா?"

"தப்புதான் சார். காலைல ஒண்ணு பண்ணிட்டேன். இப்ப இன்னொண்ணு வேணாம்னு பாக்குறேன்."

"நடராசன், நீங்க யார்கிட்ட பேசுறீங்கன்னு தெரியுதுங்களா?"

"தெரியுது சார். கோவிந்தராச ஜீப்ல அனுப்புங்க சார். கையெழுத்துப் போட்டதும் குடுத்துடுறேன்."

போன் வைக்கப்பட்டது.

அறையில் நானும் ஒரு வாட்ச்மேனும் இருந்தோம். அவர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை. தம்பி படித்துக்கொண்டிருந்தான். கம்பத்தில் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவும் தெரியாது. பழனிமுத்து ஒருவேளை மில் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. கம்பத்தில் இருந்தால் வேலை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. ஏ.இ.யைப் பார்த்துப் பழகிவிட்டதோ என்னவோ.

வெகுநேரம் கழித்து ஜீப் வந்தது. முன்னால் ஏ.இ. பின்னால் கோவிந்தராசுவும், உடம்பெல்லாம் முந்திரிப் பிசின் அப்பிய ஓர் ஆளும். அவர்தான் பழனிமுத்து என்று யாரும் சொல்லவில்லை. "வந்துட்டேங்க" என்றார். தெரிந்துவிட்டது.

நடந்ததைக் கோவிந்தராசு பிறகு சொன்னான். மில் வேலை முடிந்ததும் அம்பலவாணனின் ஆட்கள் அவனைப் போன் இருந்த அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். காட்டில் ஆள் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். சைக்கிளில் ஆள் அனுப்பியாயிற்று, இந்நேரம் இறங்கியிருப்பான், நீ சொல்லு என்றார்களாம். வெளியாள் ஏறியிருக்கிறான் என்று அமைச்சர் காதில் விழுந்தால் உன் கதி என்ன என்றும் கேட்டார்களாம். "பொய் சொல்லலண்ணே. டிபார்ட்மெண்ட் ஆளுங்கன்னுதான் சொன்னேன்" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

ஏ.இ. போனை வைத்ததும் கோவிந்தராசுவை ஜீப்பில் ஏறச் சொல்லியிருக்கிறார். காட்டுப் பாதை பிரியும் இடத்தில் இவன், "சார், கொஞ்சம் இப்படிப் போவலாம் சார்" என்றானாம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஜீப்பைத் திருப்பச் சொன்னார். பழனிமுத்து கம்பத்து உச்சியில், குறுக்குச் சட்டத்தில் கால் போட்டு உட்கார்ந்து, கம்பியைக் கையில் பிடித்துப் பீங்கானோடு கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளில் அனுப்பிய ஆள் அமைச்சரைப் பார்க்க ரோட்டோரம் நின்றுவிட்டானாம். கீழே ஜீப்பைப் பார்த்துவிட்டுப் பழனிமுத்து, "இன்னும் ரெண்டு சுத்து பாக்கி, ஆயிடுச்சுங்க" என்று கத்தியிருக்கிறார். ஏ.இ. இறங்கி, அவர் கட்டி முடித்துக் கீழே வரும்வரை வெயிலில் நின்றிருக்கிறார்.

என் முன்னால் கோவிந்தராசு கையெழுத்துப் போட்டான். பழனிமுத்துவிடமும் ஏ.இ. பேனாவை நீட்டினார். பதிவில் இல்லாதவர் எங்கே போடுவது என்று நான் விழித்தேன். "கீழ இடம் இருக்கு இல்ல" என்றார். பழனிமுத்து எழுத்துக் கூட்டிப் போட்டார். நான் பூட்டைத் திறந்து, மண்ணிணைப்பை எடுத்து, கரண்ட் கொடுத்தேன். ஏ.இ. அதன் பிறகு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

மில் திறப்பு விழா நல்லபடியாக நடந்தது. அமைச்சர் சுவிட்சைப் போட்டாராம். கொட்டகைக்குப் பின்னால் யாரோ ஆயில் எஞ்சினை ஓட்டிவிட்டார்களாம். சத்தம் கேட்டு எல்லோரும் கை தட்டினார்களாம். நாட்டின் முன்னேற்றத்துக்கு மின்சாரம் எவ்வளவு அவசியம் என்று அமைச்சர் பேசிவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். எனக்கு மெமோ வந்தது. இரண்டு குற்றச்சாட்டு. போனில் லைன் கிளியர் கொடுத்தது ஒன்று. மேலதிகாரி உத்தரவை மறுத்தது இன்னொன்று. அம்பலவாணன் மேலே புகார் கொடுத்திருந்தார், அதனால் ஏதாவது செய்தாக வேண்டும். அன்று சாயங்காலம் ஏ.இ. தனியாகத் துணைமின் நிலையத்துக்கு வந்தார். எந்த லைனிலும் ஆள் இல்லை. உட்கார்ந்தார்.

"முன்னால வேலை பார்த்த ஊர்ல ஒருத்தர் போயிட்டாரு" என்று ஆரம்பித்தார். "போன்லதான் ரிட்டர்ன் பண்ணாங்க. சரியான ஆளு, சரியான குரல். அவருக்கே தெரியாம இன்னொருத்தர் லைன்ல இருந்திருக்காரு. அந்த வூட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அதுக்கப்புறம் போட்டதுதான் அந்தச் சர்க்குலர்."

நான் கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார்.

"அப்புறம் ஏன் சார்ஜ் பண்ணச் சொன்னேன்னு கேக்குறீங்க. மந்திரி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. வேற காரணம் இல்ல."

தென்கச்சிப் பக்கம் போகும் பஸ் ஒன்று ரோட்டில் போனது.

"நடராசன், அவர் கம்பத்துல இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"தெரியாமத்தான் மறுத்தீங்களா?"

"ஆமா சார். எப்பவும் ரெண்டு பேரு பேசுவாங்க. அன்னைக்கு ஒருத்தர்தான் பேசினாரு."

"அது எந்த ரூல்ல இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். நாங்களா வச்சிக்கிட்டது."

அவர் தலையாட்டினார். பிறகு எல்லாவற்றையும் எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார். உண்மையை முழுதாக எழுதினால் கோவிந்தராசுவுக்கு வேலை போகும், பழனிமுத்துவின் பிழைப்பும் போகும். எழுதாவிட்டால் நான் வெறும் திமிரால் மறுத்ததாக ஆகும். நான் சொன்னேன், போனில் கொடுத்தது நிஜம், அதை எழுதுங்கள், மற்றதைப் பற்றி எனக்குத் தெரியாது என்று.

அப்படியே எழுதினார். முதல் குற்றத்துக்கு என் சம்பள உயர்வை ஒரு வருஷம் நிறுத்தினார். அவர் நிறுத்தினார் என்றால் விதி நிறுத்தியது. எனக்கு வருத்தம் இருந்தது, வீட்டில் அதைவிட அதிகம் இருந்தது. ஆனால் அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது குற்றத்துக்கு, ஆபரேட்டர் மறுத்தது சரி, உத்தரவிட்டது என் பிழை, லைனில் ஆள் இருந்ததை நானே பார்த்தேன் என்று தன் பெயரிலேயே மேலே அனுப்பிவிட்டார். எந்த ஆள் என்று எழுதவில்லை. மேலேயும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவரை மலைப்பக்கம் எங்கோ மாற்றினார்கள்.

போவதற்கு முன் சுவரில் இருந்த சுற்றறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார். அவசரத்தில் போனில் கொடுக்கலாம், வேலையில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசிய பிறகே திரும்பப் பெற வேண்டும் என்று இருந்தது. நாங்கள் வைத்துக்கொண்டிருந்த வழக்கம்தான். தமிழ் மட்டும் கொஞ்சம் கடினமாக இருந்தது. அடுத்து வந்த ஏ.இ., இப்படிப் போட உதவிப் பொறியாளருக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி அதை எடுத்துவிட்டார். வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

எண்பதுகளில் தினக்கூலி ஆட்களைப் பதிவில் சேர்த்தபோது, பழனிமுத்துவையும் எப்படியோ சேர்த்தார்கள். கோவிந்தராசு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். சில வருஷத்தில் பழனிமுத்துவும் ஒரு லைனுக்குப் பொறுப்பான ஆளாகிவிட்டார். காக்கிச் சட்டை பொத்தான் ஒன்றுகூட விடாமல் போட்டிருப்பார்.

ஒரு நாள் அவர் முதல்முறையாகத் தன் பெயரில் லைன் கிளியர் வாங்க நேரில் வந்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். சின்ன வேலை. சீக்கிரமே முடிந்திருக்கும், போன் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ஊர்களிலிருந்துதான் போன் வந்தது. கரண்ட் எப்போது வரும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லி வைத்தார். பொழுது சாயும் நேரத்தில் பழனிமுத்து வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். லைனில் கூட வேலை செய்த உதவியாளையும் பஸ் காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்.

எனக்குக் கோபம். "ஏன் பழனிமுத்து, வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும். ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஒங்க குரல் எனக்குத் தெரியாதா?"

அவர் பேனாவை எடுத்தபடி சொன்னார்.

"தெரியும்ண்ணே. நான் சொன்னா நம்பிருவீங்க. அதான் நேர்லயே வந்துட்டேன்."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.